தறி விற்ற காசில் ஒரு டொயோட்டா

மதிப்பிற்குரிய ‘சாலைச் சக்கரம்’ மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறை சின்னராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், என் மனைவி சென்னியம்மாளும், மகள் அகல்யாவும், தறிகளும் கரண்ட் இருக்கிற வரைக்கும் நலமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் அப்படியே ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் ஓடுகிறதா என்று பார்ப்போம்.

நான் தங்கள் இதழுக்குச் சந்தா கட்டியவன் இல்லை. கட்டியது என் மகள். டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்துவிட்டு, எல்லோரையும் போலக் கோயம்புத்தூர் பக்கம் வேலைக்குப் போகாமல், என் பட்டறையிலேயே உட்கார்ந்து தறியையும் பார்த்து, சரக்கு எடுக்கிற பார்ட்டிகளிடமும் பேசி, மீதி நேரத்தில் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறவள். போன மாதம் தாங்கள் டொயோட்டாவின் வரலாறு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்களே, அதைச் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் உரக்கப் படித்தாள். எங்கள் வீட்டில் எதையும் உரக்கத்தான் படிக்க வேண்டும், உரக்கத்தான் பேச வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிறது.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒரு தச்சர் மகன், அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்து மரத்தில் புதுத் தறி ஒன்று செய்தாராம். அதோடு விடாமல், இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடுகிற தறி செய்தாராம். உலகமே அசந்து போனதாம். ஏனய்யா, தானாக நிற்பதில் என்ன அதிசயம்? என் தறிகள் இழை அறுந்தாலும் நிற்கும், கரண்ட் போனாலும் நிற்கும், பவானியில் யார் வீட்டிலாவது காதுகுத்து என்றாலும் நிற்கும், காவிரியில் தண்ணீர் நிறைய வருகிறது என்று ஒருவன் சொன்னால் ஆட்கள் எல்லாம் பாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போய்விடுவார்கள், அப்போதும் நிற்கும். இதுவரைக்கும் ஒரு பத்திரிகைக்காரரும் வரலாறு எழுத வரவில்லை. அப்புறம் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்துக் கம்பெனிக்கு விற்றார்களாம், மகன் தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு மூலையில் கார் செய்ய ஆரம்பித்தாராம். எங்கள் ஊரிலும் தறியை விற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் பேக்கரி வைத்தார்கள். பஃப்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு என்ன வரலாறு எழுதினீர்கள்?

‘டொயோடா’ என்ற குடும்பப் பெயரை ‘டொயோட்டா’ என்று மாற்றினால் அவர்கள் எழுத்தில் எட்டுக் கோடு வரும், எட்டு ராசியான எண் என்று மாற்றினார்களாம். இதைப் படித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. நானும் சேலத்தில் ஒரு எண் கணித நிபுணர் சொன்னாரென்று போர்டில் என் பெயருக்குக் கடைசியில் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தேன். அவருக்கு உலகம் முழுக்கக் கார் ஓடுகிறது. எனக்குக் கூரியர்காரன் பக்கத்துத் தெருவில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

வண்டியின் அருமை பெருமையையும் விடவில்லை தாங்கள். குவாலிஸ் வந்தது, இன்னோவா வந்தது, லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடினாலும் எஞ்சின் அலுக்காமல் ஓடும் என்று புல்லரித்திருக்கிறீர்கள். ஓடட்டுமே, ஓடுவதற்குத்தானே கார். இந்தப் பக்கத்தில் அந்த வண்டி ஓடுவது ரோட்டில் இல்லை அய்யா, மனிதர்களின் மண்டைக்குள். கோழிப்பண்ணைக்காரர் வாங்கினார் என்று போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் வாங்குவார், ரிக் வண்டிக்காரர் வாங்கினார் என்று அவர் மச்சான் வாங்குவார். எல்லாம் வெள்ளை. கல்யாண மண்டபத்து வாசலில் வந்து நிற்கும், கதவு திறக்கும், ஒரு கால் மட்டும் வெளியே வரும், இரண்டாவது கால் வருவதற்குள் முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்பார்கள். அதே மண்டபத்துக்கு நான் மொபெட்டில் போய் இறங்கினால், “வண்டிய அந்தப் பக்கம் ஓரமா உடுங்க” என்பார்கள்.

இதெல்லாம் போகட்டும். தாங்கள் கடைசிப் பக்கத்தில் எழுதினீர்களே கயிறு, அதற்கு வருகிறேன். டொயோட்டா தொழிற்சாலையில் வேலைக்காரர் தலைக்கு மேலே ஒரு கயிறு போகுமாம், யார் கண்ணில் கோளாறு பட்டாலும் அதை இழுக்கலாமாம், மேலாளர் ஓடி வந்து என்ன கோளாறு என்று கேட்பாராம், சரியாகாவிட்டால் வேலையே நின்றுவிடுமாம், இழுத்தவரைத் திட்டாமல் நன்றி சொல்வாராம். படித்து முடித்ததும் அகல்யாவின் முகத்தைப் பார்த்தேன். அப்போதே இதழைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்க வேண்டும். மறுநாள் எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்து, பட்டறை நெடுக ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மெயின் சுவிட்சோடு கோத்து, ஒரு மணியையும் மாட்டிவிட்டாள். இழுத்தால் மணி அடிக்கும், எல்லாத் தறியும் நிற்கும், நான் ஓட வேண்டும்.

முதலில் இழுத்தது பாவாயி. பல வருஷமாக என்னிடம் தறி ஓட்டுகிறவள். ஓடிப்போய், என்ன கோளாறு என்று கேட்டேன். “தறில ஒண்ணுமில்லீங்க மொதலாளி. டீ தண்ணியா இருக்குதுங்க. கோளாறுன்னா இழுக்கோணும்னு பாப்பாதானுங்க சொல்லுச்சு” என்றாள். அகல்யா பின்னாலேயே வந்து, “நன்றி சொல்லுங்கப்பா” என்றாள். சொன்னேன். டீ தண்ணியாக இருப்பதைக் கண்டுபிடித்ததற்காக, தறி எல்லாம் நிற்க, கை கூப்பாத குறையாக நன்றி சொன்னேன். இன்னொரு நாள் யாரோ ஈரத் துண்டைக் கயிற்றில் காயப் போட்டார்கள், பட்டறை மொத்தமும் நின்றது. துண்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்டேன், அகல்யா சிரிக்கவில்லை. ஒரு தடவை, பக்கத்துத் தறி ஓட்டுகிற காளியாத்தாள் இழுத்தபோது லுங்கியில் கட்டத்தின் நிறம் மாறி விழுந்துகொண்டிருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் லோடு மொத்தமும் திரும்பி வந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் அகல்யா வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டினாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னியம்மாள், “ஏனுங்க, பட்டறைல இழுத்தா பறந்துட்டுப் போறீங்க, நாங் கூப்புட்டா மட்டும் காதுல உழுவறதில்லயே. எனக்கும் ஒரு கயிறு வேணும்” என்றாள். அகல்யா கயிற்றை வெண்டிலேட்டர் வழியாக வீட்டுக்குள் இழுத்து, கூடத்துத் தூணை ஒட்டிக் கொண்டுபோய் அடுக்களை வரைக்கும் நீட்டிவிட்டாள். அந்தத் தூணோரம்தான் என் நாற்காலி. அன்று மாலையே ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லை என்று பட்டறை நின்றது. ஜப்பானில் கொத்தமல்லிக்காகக் கார் நின்றதாகத் தங்கள் கட்டுரையில் எங்கும் இல்லை. என் மச்சானிடம் நான் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் மணி அடித்தது. சென்னியம்மாளைக் கேட்டதற்கு, “பொய்யும் கோளாறுதானுங்க” என்றாள். நன்றி சொன்னேன், வேறு வழி.

இந்தக் கூத்துக்கு நடுவில் அகல்யாவுக்கு ஒரு வரன் வந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் சுவாமிநாதனின் மகன் தமிழரசு. சுவாமிநாதன் என்னிடம் லுங்கி எடுக்கிற பார்ட்டியும்கூட. பையனும் பெண்ணும் பார்த்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டார்கள், அகல்யாவும் சரி என்றாள். பிறகு சுவாமிநாதன் என்னைத் தனியாக அழைத்து, “நாங்க ஒண்ணுமே கேக்கலீங்க சம்பந்தி. பொண்ணு வந்து இறங்கறப்ப ஒரு டொயோட்டால வந்து இறங்குனா உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை” என்றார். ஒன்றுமே கேட்காதவர்களுக்குக் கொடுத்து முடிவதில்லை. தாங்கள் இத்தனை பக்கம் புகழ்ந்த வண்டி, விலை எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். ஈரோட்டுத் தறி புரோக்கரை வரவழைத்து, பட்டறையில் பாதித் தறியை விற்க ரகசியமாகப் பேசி முடித்தேன். பணத்துக்கு என்ன வழி என்று கேட்ட சுவாமிநாதனிடம் மட்டும் சொன்னேன். அகல்யாவிடம் சொல்லவில்லை. சென்னியம்மாளிடம், சேமிப்பில் வாங்குகிறேன் என்றேன். அவள் அப்போது அடுக்களையில் இல்லை, கயிறு எட்டவில்லை. சகிச்சியின் குடும்பம் தறியை விட்டுக் கார் செய்தது, நான் தறியை விற்றுக் கார் வாங்க வேண்டும். எங்கள் இருவர் வரலாற்றுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

நிச்சயம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அன்றைக்கும் தறி ஓடியது, ஏனென்றால் ஓடியது சுவாமிநாதனின் சரக்கு, நிறுத்தினால் அவருக்குத்தான் தாமதம். கயிற்றின்மேல் சாமந்திச் சரத்தைச் சுற்றி அலங்காரம் செய்திருந்தாள் சென்னியம்மாள். தாம்பூலத் தட்டு மாற்றப் போகிற நேரம். சுவாமிநாதன் என் காதோரம் குனிந்து, தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று அவர் நினைப்பு. அது சரியான நினைப்புத்தான். “கலரு வெள்ளையா இருக்கட்டும், டாப் மாடலா எடுத்துடுங்க, பாதித் தறி வித்தது பத்தலைன்னா மீதி...” என்று ஆரம்பித்தபோது மணி அடித்தது. தறி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. தறிக்கார வீட்டு ஆட்களுக்குத் தறி நின்றால் குரல் தானாக இறங்கிவிடும், பிறந்ததிலிருந்து பழக்கம். செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு அந்தப் பழக்கம் ஏது? அமைதியான கூடத்தில், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நடுவில், அவர் குரல் மட்டும் முழு உயரத்தில் நின்றது: “மீதித் தறியையும் வித்துடுங்க சம்பந்தி, உங்க பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வந்துடுதே, அப்புறம் பட்டறைய எவன் பாக்கறது!”

பட்டுப்புடவையோடு அகல்யா உள்ளேயிருந்து வந்தாள். வந்தவள் விதிப்படி, “யாரு இழுத்தது? என்ன கோளாறு?” என்று கேட்டாள். தறி நின்றதால் கதவோரம் வந்து நின்ற பாவாயி, “என்ன கோளாறுன்னு எங்களுக்கே நல்லாக் கேட்டுதுங்க பாப்பா” என்றாள். அகல்யா என்னைப் பார்த்து, “எந்தத் தறியப்பா விக்கறீங்க?” என்றாள். நான் சாமந்திச் சரத்தைப் பார்த்தேன். பிறகு அவள் மாப்பிள்ளையிடம் திரும்பி, “உங்களுக்கு இது தெரியுமுங்களா?” என்று கேட்டாள். தமிழரசு கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கு வெள்ளைதான்னு இல்லைங்க, சில்வர் கலர்கூட ஓகேதான்” என்றார். அகல்யா தட்டை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டாள். நிச்சயதார்த்தம் அதோடு நின்றுபோனது. சுவாமிநாதன் குடும்பம் வந்ததும் ஒரு வெள்ளை இன்னோவாவில்தான். அவசரமாக ஏறியதில் முன்னால் தொங்கிய மாலை நழுவி விழுந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது வாடகை வண்டியின் மஞ்சள் நம்பர் பிளேட்.

மறுநாளே சுவாமிநாதன் லுங்கி ஆர்டரையும் ரத்து செய்துவிட்டார். கயிற்றை இழுத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பால் காய்ச்சிக்கொண்டிருந்ததாகச் சென்னியம்மாள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறாள். பாவாயியும் காளியாத்தாளும் மணி அடிக்கும் வரைக்கும் தறியை விட்டு நகரவே இல்லை என்கிறார்கள். எனவே இதற்கெல்லாம் தாங்களே பொறுப்பு. அடுத்த இதழில் தங்கள் கட்டுரைக்கு மறுப்பு வெளியிட வேண்டும். தறி கார் ஆகாது, ஆனதெல்லாம் ஜப்பானோடு சரி, எங்கள் பக்கத்து வாசகர்கள் அவரவர் வேலையைப் பார்க்கவும் என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். தேங்கிக் கிடக்கும் லுங்கிகளைத் தங்கள் அலுவலகத்தார் அனைவரும் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். கட்டங்கள் நேராக விழுந்த சரக்கு, அதற்கு நான் பொறுப்பு.

தங்கள் இதழ் பல்கிப் பெருகட்டும், தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமையட்டும், எந்த வீட்டு விசேஷத்திலும் மணி அடிக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் உண்மையுள்ள,
சின்னராஜ் (கடைசியில் கூடுதல் எழுத்து இல்லாமல்)

பின்குறிப்பு: மேலே எழுதியதைச் சென்னியம்மாள் படித்துவிட்டு அடுக்களைக்குப் போயிருக்கிறாள். மணி அடிப்பதற்குள் எழுதிவிடுகிறேன். கயிற்றை இழுத்தது நான்தான். பாதித் தறிக்குத் தலையாட்டியாகிவிட்டது, ‘மீதி’ என்று அவர் வாயைத் திறந்ததும் கை தானாகத் தூணுக்குப் போய்விட்டது. இழை அறுந்தால் தறி தானாக நிற்பது பெரிய விஷயம்தான் அய்யா, சகிச்சியைப் பற்றி நான் மேலே எழுதியதை அடித்துவிடவும். ஈரோட்டுக்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பட்டறை போர்டில் என் பெயருக்குக் கீழே அகல்யா பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன், கயிற்றை இழுத்தது நான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இழுத்தவருக்கு முதலாளி நன்றி சொல்ல வேண்டும் என்பது தாங்கள் எழுதிய விதி. இங்கே முதலாளியும் நானே என்பதால், எனக்குச் சொல்ல ஆள் இல்லை. தாங்கள் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.