பிள்ளையாரின் ஐந்து பூக்கள்

ஒஸ்லோத் தமிழர்களிலேயே, வண்டு குறுக்கே வந்தால் நின்று வழிவிட்டு, அது போன பிறகு நடக்கிற ஒரே மனிதர் எங்கள் வண்டு அண்ணைதான். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நகரின் ரொம்மன் பகுதியில் எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர். பஸ் ஓட்டுநர்.

வேலை முடிந்து வந்தால் சீருடையோடு புல்தரையில் குப்புறப் படுத்துவிடுவார். அங்கே ‘சூல்புளொம்’ வளர்த்தார். இந்த நாட்டுப் பழைய புல்வெளிச் செடி, சூரியகாந்திக்குச் சொந்தம், வருசா வருசம் தானே தளிர்க்கும். காட்டு வண்டுகளுக்குச் சாப்பாடு குறைந்துபோய்விட்டதாம், அதற்காக. இரண்டு வருடமாகத் தரையோடு ஒட்டிய இலை மட்டும்தான். “அண்ணை, இது கீரையோ?” என்று கேட்டு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் கோடையில் ஏழு பூ. அப்படியொரு மஞ்சள்! அன்று வெள்ளிக்கிழமை. முழுகிவிட்டுக் கீழே போனவள், சாமிக்குத்தானே என்று ஐந்தைக் காம்போடு கிள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பூவைக் கண்டால் எங்கள் கை கேட்டுக்கொண்டா நிற்கும்?

பத்து நிமிடத்தில் அண்ணை வாசலில் நின்றார்.

“பிள்ளை, பூ...?”

“பிள்ளையாருக்கு வைச்சிட்டன் அண்ணை.”

“ஐயோ! ஒரு செடியின்ரை மகரந்தம் மற்றச் செடிக்குப் போனால்தானே விதை வரும். மிச்சம் ரெண்டும் ஒரே செடியிலை!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வெட்கத்தோடு விலகி வழிவிட்டேன். அவரோ நேரே சாமியறைக்குப் போய், “அப்பனே, குறை நினையாதையும்” என்று கும்பிட்டுவிட்டு, பூ வைத்த செம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

சந்தனப் பொட்டு வைத்த செம்பு நாலு நாள் செடிக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டட நோர்வேக் கிழவி வந்து இது உங்கள் சமயச் சடங்கா என்று கேட்டார். அண்ணை யோசிக்கவேயில்லை, ஆமென்றார். மறுநாள் கிழவியும் கைகூப்பிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் பின்னேரம். இருட்டத் தெரியாத வெயில், புல்லெல்லாம் பொன்னிறம். குண்டு வண்டொன்று வந்து செம்புப் பூவில் புரண்டது.

“அசையாதையும் பிள்ளை,” என்றார் அண்ணை, மூச்சுக்குள்ளே.

வண்டு கொஞ்சம் யோசித்தது. எழும்பியது. செடிப் பூவில் போய் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோமோ தெரியாது. அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்தது.

விதை வந்தது. அண்ணை மகளோடு இருக்க வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டுக்குப் போய்விட்டார். போகும்போது, “பூ பிடுங்கினவதான் பாக்கவேணும்,” என்று செடிகளை என்னிடம் விட்டார்.

இந்தக் கோடையில் எண்ணிமுடியாத பூ. பிள்ளையாருக்குக் கடைப் பூதான். ரொம்மனில் இப்போது என்னை வண்டு அக்கா என்கிறார்கள். கோபம் வருவதில்லை, மனம் அண்ணையைத்தான் தேடுகிறது.