லட்சுமியின் டானிக்கும் என் கால்களும்

மாட்டுக்கு நல்லதென்றால் மனிதனுக்கும் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல்கிறவர் அக்காள் புருஷனாக இருந்தால் நம்பவே நம்பாதீர்கள். எழுபதுகளில், திருத்தணியில், கல்யாணத்துக்கு நின்ற நான் நம்பித் தொலைத்தேன்.

பெண்ணின் அப்பா என்னை மாப்பிள்ளை பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தார்; எங்களைப் போலவே நெசவுக்காரர். என் முகத்தைப் பார்க்காமல், வேட்டிக்குக் கீழே குச்சி போலிருந்த காலைப் பார்த்தார்.

"இந்தக் காலு தறி மிதிக்குமா? வெள்ளிக்கெழம வரேன். என் கண்ணெதிர்ல நெய்யட்டும், அப்பறம் பேசலாம்."

(என்ன அநியாயம்! அவர் பெண்ணை நாங்கள் பாடச் சொன்னோமா, ஆடச் சொன்னோமா?) ஆனால் அந்தப் பெண்ணைக் கோயில் படிக்கட்டில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிருந்தது. ஒத்துக்கொண்டேன்.

அக்காள் புருஷன், அதாவது பாவா, டப்பாவோடு வந்தார். கன்று போட்ட எங்கள் பசு லட்சுமிக்கு வாங்கிய கால்சியம் டானிக்.

"லட்சுமி எப்டி தளதளன்னு கீறா பாரு! எலும்புன்னா எலும்புதான். மாட்டுக்கு இன்னா, மனுசனுக்கு இன்னா?"

"பாவா, டப்பா மேல மாட்டுப் படம் போட்டுக்கீதே?"

"உன் படத்தப் போட்டா எவன் வாங்குவான்?"

தினம் அரைச் சொம்பு குடித்தேன். வெள்ளிக்கிழமை, "முக்கியமான நாளு" என்று முழுச் சொம்பையும் ஊற்றினார் மகானுபாவர்.

எங்கள் வீட்டுத் தறிக்குழியில் இறங்கி நன்றாகத்தான் மிதித்தேன். பெண்ணின் அப்பாகூட, "ஆங், பரவால்ல" என்று தலையாட்டினார். அப்போதுதான் என் வயிற்றில் இன்னொரு தறி ஓட ஆரம்பித்தது. எழுந்த வேகத்தில் பாதி இழைகளை அறுத்துக்கொண்டு, அவர் காலையும் மிதித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். பாவா நைசாகத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். நான்தான் கொல்லையிலிருந்து கத்தி உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஐயோ, மாட்டு டானிக்கையா குடிச்ச?" என்று அலறினாள் அம்மா. "லட்சுமிக்கு இனிமே என்னாடா குடுப்பேன்?"

பெற்ற பிள்ளை சுருண்டு கிடக்கிறான், கவலை பசுவுக்காம்! கன்றைப் பார்க்க வந்த மாட்டு டாக்டரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது மாட்டு ஒடம்புக்குக் கணக்குப் பண்ணி செஞ்சது தம்பி. உனக்கு வேண்டியது பருப்பும் முட்டையும்தான்." (இதை முன்னாலேயே யாராவது சொல்லக் கூடாதா?)

பெண்ணின் அப்பா மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"எம் பொண்ணுக்காக மாட்டு மருந்தையே குடிச்சவன், அவ வைக்கிற கொழம்பையும் வாய் பேசாம துன்னுவான். குடுத்துடலாம்."

இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் வந்தால், "மனுச டாக்டரா, மாட்டு டாக்டரா?" என்றுதான் கேட்கிறாள் என் மனைவி. பாவாவோ, தன் டானிக்கால்தான் எனக்குக் கல்யாணமே ஆனதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம்!