மிளகளவு சதைக்கு அவஸ்தைப் பூசுதல்

சாகப்போகிறோம் என்று தீர்மானித்துவிட்டவள் அளவுக்கு வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்பவர் உலகத்தில் கிடையாது. ஐம்பத்தாறாவது வயதில் மூன்று வாரம் நான் அப்படி வைத்திருந்தேன். பரண்கூடப் பளபளத்தது.

காரணம், உள்பாவாடையில் ஒரு சொட்டு ரத்தம். மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆனபின் ரத்தம் என்றால் புற்றுநோய்தான் என்று நானே டாக்டராகித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மூத்திரம் போனால் எரிச்சல் வேறு. கணவர் லூர்துவிடம் சொல்லவில்லை. (முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்த இடத்துக்கு அவரிடம் என்ன பெயர் சொல்வதென்று எனக்குத் தெரியாது.) எனக்குப் பின் எந்தப் புடவை யாருக்கு என்று சீட்டு எழுதிக் குத்திவைத்ததோடு சரி.

பயம் தாங்காமல் பக்கத்து வீட்டு மார்கரெட் அக்காவிடம் மட்டும் வாயைத் திறந்தேன்.

"எனக்காக வேண்டிக்கோங்கக்கா. என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

அக்கா விவேக் நகரில் எங்கள் தெரு செபக் கூட்டத்துக்குத் தலைவி. அவரிடம் போய்க் "கேக்காதீங்க" என்றேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அக்கா கேட்கவில்லை. தானாகவே முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகப் பரிசோதித்தார்.

"ஏனூ இல்லம்மா, கேன்சர் இல்ல," என்றார் அந்தக் கன்னடத்து அம்மா. "மூத்திரம் வர்ற வாசல்ல மிளகு சைஸ்ல ஒரு சதை. பீரியட்ஸ் நின்னு ஹார்மோன் குறைஞ்சா நிறைய பேருக்கு வரும். க்ரீம் போடுங்க, வெந்நீர்ல உக்காருங்க, மூணு மாசத்துல திரும்பப் பாக்கலாம். ஆனா ரத்தம்னா உடனே வரணும். வீட்ல உக்காந்து நீங்களே முடிவு பண்ணக்கூடாது."

பிறகு ஒரு கைக்கண்ணாடியை நீட்டினார். "பாக்கறீங்களா?"

பார்த்தேன். மூத்திரத்துக்கு ஒரு வாசல், பிள்ளைக்கு ஒரு வாசல் என்று இரண்டு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். (இரண்டு பிள்ளை பெற்றவள்!) அந்தச் சின்ன வாசலின் ஓரத்தில் செக்கச்செவேலென்று மாதுளை முத்துபோல ஒன்று. இதுவா என்னை மூன்று வாரம் அழவைத்தது? ஒரு நாளும் நான் ஏறெடுத்துப் பார்க்காத இடம், ஐம்பத்தாறு வருடம் சத்தமில்லாமல் எனக்காக உழைத்திருக்கிறது. பிரமிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் அரைக் கிலோ மைசூர்பாக் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே மெழுகுவர்த்தி, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், செபமாலையோடு பதினாலு பெண்கள். லூர்து என் புடவைச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விசும்புகிறார். நடுவில் ஃபாதர், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழோடு.

"அவஸ்தைப் பூசுதல் இல்லாம நீ போயிடக்கூடாதுன்னு ஃபாதரையே கூட்டிட்டு வந்துட்டேன்," என்று அழுதார் மார்கரெட் அக்கா.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?" என்றார் ஃபாதர், என் கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்து.

செத்துப் பிழைத்தவளுக்கு வெட்கம் ஏது? வாசல், சதை, மிளகு, க்ரீம் என்று ஒன்றுவிடாமல் உரக்கச் சொன்னேன். செபமாலையில் ஒரு மணிகூட நகரவில்லை. ஃபாதர் சிமிழை மூடி, அதன் மூடியையே வெகுநேரம் ஆராய்ந்தார். பிறகு, "தேவனுக்குத் தோத்திரம்," என்று ஒரு மைசூர்பாக்கை எடுத்துக்கொண்டார்.

நான் அடுக்களைக்கு ஓடினேன். பின்னாலேயே மார்கரெட் அக்கா வந்தார்.

"ஸ்டெல்லா, அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க? எனக்கும் ஆறு மாசமா ரத்தம் படுது."

தெருவுக்கே குரலெடுத்து வேண்டுகிற மனுஷி, தனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டதில்லை. மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். கடவுள் புண்ணியத்தில் அவருக்கும் அதே மிளகுதான். வெளியே வந்து இருவரும் நடைபாதையிலேயே கட்டிக்கொண்டு அழுதோம்.

ஆனால் அந்தச் சீட்டுகளில் தன் பெயரை அக்கா பார்த்துவிட்டிருந்தார். "எழுதினது எழுதினதுதான்" என்று என் மயில்கழுத்துப் பட்டுப்புடவையைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைத்தான் கட்டுகிறார். புடவை ஜோராக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொல்கிறார்:

"நம்ம ஸ்டெல்லா செத்தப்போ எனக்குக் குடுத்தது."