விளக்கு எதன் குறியீடு?

பெயர்சூட்டிகள் என்றொரு இனம் உண்டு. குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர்கள் அல்ல. எதைக் கண்டாலும், அது யாருடையது, ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், அதன் நெற்றியில் ஓர் இலக்கியக் கலைச்சொல்லை ஒட்டிவிட்டு, அத்தோடு விஷயம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்துவிடுகிறவர்கள். பரீட்சைக் காலத்தில் இவர்கள் பெருகுவார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம்.

பார்சல் ஆபீஸ்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர். பகலெல்லாம் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது உத்தியோகம். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் வேலை போய்விடும். மாலை வகுப்பில் பட்டம் வாங்கிவிட்டால் மேற்பார்வையாளர் நாற்காலி காத்திருக்கிறது. எல்லாத் தாளும் தேறியாயிற்று, அமெரிக்க இலக்கியம் ஒன்றைத் தவிர. அதில் இரண்டு முறை குப்புற விழுந்தாயிற்று. இந்த முறையும் போனால் முதலாண்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. விடுவாரா மனிதர்?

திருப்புதல் தொடங்கியது. பாடநூலான நாவலை அவர் திறக்கத்தான் செய்தார், இல்லையென்று சொல்லக்கூடாது. கைடில் சொல்லியிருந்த பக்கங்களைத் தேடி, குறியீட்டுக்கு மஞ்சள், உருவகத்துக்குப் பச்சை, முன்னுணர்த்தலுக்குச் சிவப்பு என்று துண்டுச் சீட்டுகளை ஒட்டி, ஒட்டிய இடத்தில் நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்து மூடிவிட்டார். தொழில் சுத்தம். பிறகு வீடே பயிற்சிக்கூடமாயிற்று. "குழாய் ஒழுகுதுன்னு நூறு தடவ சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. "மிகைநவிற்சி" என்றார். குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

மனைவிக்குப் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. நோயாளிகள் வராத நேரத்தில், பாவம், பொழுது போகாமல் அந்த நாவலை முழுக்கப் படித்துத் தொலைத்திருந்தாள்.

"ஏங்க, கடைசி அத்தியாயம் படிச்சீங்களா? அந்தம்மாவ நெனச்சா எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"எந்தம்மா?"

"அட, அந்தப் பண்ணை வீட்ல, விளக்கத் தொடச்சுத் தொடச்சு வைப்பாளே!"

"ஓ, அதுவா? விளக்கு நம்பிக்கையின் குறியீடு. அந்தம்மா மண்ணின் குறியீடு."

"குறியீடா? அவ ஒரு பொம்பளைங்க! பொண்ண பட்டணத்துக்கு அனுப்பறதுக்கு என்ன பண்ணா தெரியுமா..."

"ஐயோ, கதைய மட்டும் சொல்லாத! பரீட்சை நேரத்துல கதை கேட்டா எல்லாம் கொழம்பிடும்."

அவள் ஒழுகும் குழாய்க்கு அடியில் வாளி வைக்கப் போனாள். அவர் கைடிலிருந்த கலைச்சொல் பட்டியலுக்குத் திரும்பினார்.

பரீட்சைத் தாளில் பெரிய மதிப்பெண் கேள்வி இது: 'கடைசி அத்தியாயத்தில் பண்ணை வீடு இருண்டு கிடப்பது ஏன்?' பார்சல்காரர் புன்னகைத்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறதே! இருள் என்பது அமெரிக்க ஆன்மாவின் வெறுமை என்று ஆரம்பித்து, அது நாகரிகத்தின் அஸ்தமனம் என்றும், முதல் அத்தியாயத்து மேகமே அதற்கு முன்னுணர்த்தல் என்றும், வீடு மனித மனத்தின் உருவகமாதலால் இருண்டது வீடன்று மனமே என்றும் எழுதி, கூடுதல் தாள் வாங்கி, அதிலும் எழுதி, நூல் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். கேள்வியைச் சொன்னார்.

"அப்பாடா! எவ்வளவு சுலபமான கேள்வி! பொண்ணுக்கு ரயில் டிக்கெட் எடுக்க அந்தம்மா விளக்க வித்துட்டா. அதான் இருட்டு. அப்படித்தான எழுதுனீங்க?"

பார்சல்காரருக்கு மேற்பார்வையாளர் நாற்காலியும், முதலாண்டு வகுப்பின் பெஞ்சும் மாறி மாறிக் கண்முன் வந்தன.

"அன்னிக்கு இதைத்தான் சொல்ல வந்தியா?"

"இதைத்தான். நீங்கதான் வாயடைச்சீங்க!"

பார்சல்காரர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"பதில் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கு. நான்தான் வேணாம்னு சொல்லியிருக்கேன். இதுக்குப் பேரு என்ன தெரியுமா? முரண்நகை!"

அவள் திரும்பிப் பாராமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சொல் உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதா இல்லையா? விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போன அந்தப் பெண்பிள்ளை பட்ட பாட்டை ஒரு நொடியாவது நினைத்தீர்களா?

நினைக்கவில்லையா? பாதகமில்லை. முதலாண்டு வகுப்பில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறதாம்.