தலைகாட்டி மெம்பரின் கொடுப்பனவு

வேலைக்கே வராமல் சம்பளம் வாங்குவதில் எங்கள் தலைகாட்டி மெம்பரை அடித்துக்கொள்ள மத்திய மாகாணத்திலேயே ஆள் கிடையாது.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிரதேச சபையில் நான் கிளார்க். தெல்தோட்டை பஸ் ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் போதும், வாசலில் இருக்கிற விரல்ரேகை மெஷின் என் அரைநாள் லீவை விழுங்கிவிடும். மெம்பருக்கு மெஷின் கிடையாது. சபை கூடும்போது கதவுக்குள் தலையை நீட்டுவார், கையெழுத்துப் போடுவார். "ஒரு சாவு வீடு இருக்கு தம்பி, வந்துர்றேன்" என்று போனால் அன்றைக்கு அவ்வளவுதான். சில மாதம் அந்தத் தலையும் வராது. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குச் சொல்லாமல் வராவிட்டால் பதவி போய்விடும் என்பதால், இரண்டை விட்டு மூன்றாவதுக்குச் சரியாக வந்து நிற்பார். மாதக் கொடுப்பனவு மட்டும் ஒருமுறையும் பிந்தியதில்லை.

எனக்கு வயிறு எரியும். ஒரே ஒருமுறை அவர் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். வெளியே அடைமழை, கையில் குடை இல்லை. சபைத் தலைவர் பயந்தே போய்விட்டார்.

"என்ன மெம்பர், உடம்புக்கு முடியலையா?"

அதைவிட எரிச்சல், அவரைத் தேடி வருகிற கூட்டம். "மெம்பர் இருக்காருங்களா?" என்பார்கள். "நான் இருக்கேனே, என்னான்னு சொல்லுங்க" என்றால், "பரவால்லங்க, அவரு வரட்டும்." நாள் முழுக்க உட்கார்ந்து கதிரையைத் தேய்க்கிறவன் நான்!

போன வருஷம் ஹேவாஹெட்ட தோட்டத்தில் என் மாமியார் தவறிப்போனார். லீவுக்குக் கெஞ்சி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், லயத்து வீட்டுக் கூரையில் மழைக்குத் தறப்பாள் கட்டிக்கொண்டிருக்கிறார் மெம்பர். என் மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, பெட்டி வந்துருச்சா?" என்று அவரைத்தான் கேட்கிறாள். சாவு வீட்டில் பொறாமைப்பட்ட முதல் மருமகன் நானாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மெம்பர், இன்னைக்குப் பட்ஜெட் கூட்டமாச்சே! ஏற்கனவே ரெண்டு விட்டுட்டீங்க. பதவி போயிரும்!"

"தெரியும் தம்பி. அங்க கை தூக்க நெறய பேரு இருக்காங்க. இங்க மழையில பெட்டி தூக்க ஆளு பத்தாது. அந்தக் கயித்த இழுத்துப் புடிங்க."

பிடித்தேன்.

பதவி போனது. அவர் இடத்துக்கு வந்தவர் நேரத்துக்கு வருகிறார், கடைசிவரை உட்காருகிறார். அவரை யாரும் தேடி வருவதில்லை. பழையவரோ கொடுப்பனவு நின்ற பிறகும் மலை மலையாக அலைகிறார். போகிற இடமெல்லாம் அவருக்குத்தான் முதல் கோப்பை பிளேன்டி. எனக்கு இன்னும் எரிகிறது.

ஆனாலும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்: எனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், முதல் போன் அவருக்குத்தான்.