இருமல் வாங்கும் மைனா

கக்குவான் இருமல் திரும்பி வந்துவிட்டது. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வருமே என்று ஆளாளுக்குத் தள்ளிப்போட்டார்கள். அது சாவகாசமாக வந்து உட்கார்ந்துகொண்டது. கூட்டம் மட்டும் ஆஸ்பத்திரியில் இல்லை. மைனா வைத்தியர் வீட்டு வாசலில் நின்றது.

வைத்தியம் ரொம்ப எளிது. குழந்தையின் நெஞ்சில் கைவைத்து விரலைச் சொடுக்குவார். இருமல் மைனாவுக்கு இறங்கிவிடும். கூண்டுக்குள் அது லொக்கு லொக்கென்று இருமி, கடைசியில் 'ஊ...ப்' என்று மூச்சை இழுக்கும்போது கல்நெஞ்சும் கரையும். கட்டணம் கிடையாது, மைனாவின் தீவனத்துக்கு ஏதாவது கொடுத்தால் போதும். அந்தத் தீவனத்தில் வைத்தியர் மாடி கட்டிக்கொண்டிருந்தார். இருமலோடு வந்த குழந்தைகள் இருமலோடே திரும்பின. சும்மா துணைக்கு வந்த குழந்தைகளும் வெறுங்கையோடு போகவில்லை.

பஞ்சர் கடைக்காரருக்கு வைத்தியர்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. கைக்குழந்தை இருமி இருமி முகம் நீலம் பாய்ந்தபோதுகூட, மைனா பார்த்துக்கொள்ளும் என்றார். தையல்காரியான மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள். மறுநாள் என்ன தோன்றியதோ, சரி போகலாம் என்று போர்வைச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். காற்று படக்கூடாது என்று அவரைத் தொடவும் விடவில்லை. வழியெல்லாம் ஒரு இருமல் இல்லை. வாசலை நெருங்கும்போதே குணம் தெரிகிறதே என்று மனுஷனுக்குக் கண் கலங்கியது. வரிசையில் முன்னால் நின்றவரிடமும் பெருமையாகச் சொன்னார்.

வைத்தியர் கண்ணை மூடிப் போர்வைமேல் கைவைத்தார். கடுமையான இருமல் என்றார். சொடுக்கினார். மைனா உயிரே போகிற மாதிரி இருமியது.

"இறங்கிடுச்சு. இனிமே பயமில்லம்மா."

அவள் போர்வையைப் பிரித்தாள். உள்ளே தலையணை.

"இதுக்கு எப்பலேர்ந்துங்க இருமல்?"

பிறகு அவளே விரலைச் சொடுக்கினாள். மைனா இருமியது. வரிசையில் நின்ற கொத்தனார் சொடுக்கினார். அதற்கும் இருமியது.

கணவர் போர்வையை உதறிப் பார்த்துவிட்டு, குழந்தை எங்கே என்றார்.

"காலையிலேயே அக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டா. நீங்க மைனாவைப் பார்த்துக்குங்க. நான் புள்ளையைப் பார்க்கப் போறேன்."

அவர் பின்னாலேயே ஓடினார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பல வாரம் இருமும், ஆனால் பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். பஞ்சர் கடைக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வைத்தியர் பின்வாசல் வழியாக நழுவினார். வரிசையில் பாதி ஆஸ்பத்திரிக்கு ஓடியது. மீதிப் பாதி, தலையணையின் இருமலையே வாங்கிய மைனா என்றால் அதற்கு எவ்வளவு சக்தி இருக்கவேண்டும் என்று வியந்துகொண்டு நின்றது.

மைனாமேல் குற்றமில்லை. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது அதன் சுபாவம். நமக்கும் அது போதுமென்றால், ஆளுக்கொரு கூண்டு செய்துகொள்ளலாம்.