பாசியக்காவின் சொட்டுக் குழாய்

ஏழு மலையையும் சலித்தெடுத்தாலும், பாத்ரூம் வழுக்கலைப் பிள்ளை மாதிரி வளர்த்த இன்னொரு மனுஷி கிடைக்க மாட்டாள். திருப்பதியில், திருச்சானூர் ரோட்டில் நான் தங்கியிருக்கும் லேடீஸ் ஹாஸ்டலில் அவருக்குப் பாசியக்கா என்றே பெயர். சொந்தப் பெயர் ஆதார் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். யுனிவர்சிட்டியில் பிஎச்டி. ஹாஸ்டலுக்கு வந்த வாரமே, துணி துவைக்கும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கடியில் குந்திக்கொண்டு, அந்த வழவழ மூலையைக் கண்கொட்டாமல் பார்த்தார். அப்புறம் ஆராய்ச்சிக்கென்று, வழுக்கல் மேலே படரட்டும் என்று, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை அங்கே தரையில் ஒட்டினார். சுற்றிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு. அதைத் தாண்டிக் கால் வைத்தால் தொலைந்தோம்.

"அய்யய்யோ, மிதிக்காதடி! அங்க ஒரு ஊரே கீது!"

தடா பக்கம் இருக்கும் என் ஃபேக்டரிக்கு பஸ் பிடிக்க ஓடும் அவசரத்தில் தினமும் காதில் விழுவது அதுதான். ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டே, "அப்படி என்னக்கா இருக்கு அதுல?" என்று கேட்டுத் தொலைத்தேன். பஸ் போனதுதான் மிச்சம்.

"நீங்க பாசின்றது பாசியே இல்லடி, பாக்டீரியா. தனியா இருந்தா எது வந்தாலும் அடிச்சிக்கினு பூடும். அதனால பசை மாதிரி ஒண்ணு சுரந்து, எல்லாம் ஒட்டிக்கினு கூட்டா வாழுதுங்க. காத்து வேணுன்றதுங்க மேல, காத்தே ஆவாதுன்றதுங்க அடியில. மேல இருக்கறது துன்னுட்டு வுட்டத கீழ இருக்கறது துன்னும். யாருக்குப் பக்கத்துல யாரு, அதான் அங்க எல்லாமே."

"நம்ம ரூம் மாதிரின்னு சொல்லுங்க."

"எங்க? அதுங்க மிச்சம் மீதி வெக்காது" என்று, நான் கழுவாமல் போட்டிருந்த தட்டைப் பார்த்தார்.

எங்கள் வார்டன் ஆன்ட்டி புத்தூர்க்காரர். தண்ணீர் வீணாவதைப் பார்த்து வயிறெரிந்து ஒருநாள் பிளம்பரைக் கூட்டிவந்தார். அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குழாய்க்கு முன்னால் நின்றுவிட்டார்.

"வேணாண்ணா! சொட்டு நின்னா அதுங்க காஞ்சி பூடும். வேகமா வுட்டா பேத்துக்கினு பூடும். இந்தச் சொட்டுதான் கரெக்ட்டு."

"ஈ அம்மாயிகி ஏமைந்தி?" இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஆன்ட்டியிடம் தெலுங்கில் விசாரித்துவிட்டு, பிளம்பர் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்ததில்தான் வினையே வந்தது. அக்காவின் கைடு ஒரே பிடியாக நின்றார். "வளர்த்தது போதும்மா. பிளீச்சிங் ஊத்திக் கொல்லப் பாரு. எது சாகுது, எது பிழைக்குதுன்னு காட்டு. அது இல்லாம உன் தீசிஸ் நகராது" என்றார். அக்காவுக்குக் கை வரவில்லை. பாட்டிலைத் திறப்பார், மூடுவார். "வளத்த கையாலயே எப்பிடிடி ஊத்தறது?" என்பார். கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. தாண்டினால் இத்தனை வருஷப் படிப்பும் போச்சு.

கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் அவகாசம் வாங்கலாம் என்று அக்கா கைடைப் பார்க்கப் போன அன்றைக்குத்தான், சித்தூரிலிருந்து ஓனர் வருவதாகத் தகவல் வந்தது. ஆன்ட்டிக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு பக்கெட் நிறைய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, மூலை முடுக்கெல்லாம் ஊற்றினார். கண்ணாடி கையைக் கிழித்துவிடும் என்று கோட்டுக்குள் மட்டும் ஊற்றியதோடு விட்டார், தேய்க்கவில்லை.

அக்கா திரும்பி வந்து பார்த்தார். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அந்தக் குழாயைவிட வேகமாக.

"திட்டும்மா! ஒரு வார்த்த திட்டிடு!" ஆன்ட்டிக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததை ஓனர் பார்த்திருந்தால் ஹாஸ்டலையே மூடியிருப்பார். மூக்கைப் பொத்திக்கொண்டு போன பெண்களெல்லாம் அக்காவுக்கு ஈடாக வேறு வழுக்கல் தேடிக் கிளம்பினோம். ஒருத்தி சோப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் தண்ணீர்த் தொட்டியின் மூடியையே கழற்றி வந்தேன். எல்லாவற்றையும் பார்த்து அக்கா தலையை ஆட்டினார். "அது வேற ஊருடி."

ஆன்ட்டி மலைப்பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏழுமலையானே! அந்தக் கருமம் மறுபடி மொளைக்கட்டும், அலிபிரி அடிவாரத்துலேந்து படியேறி நடந்தே வரேன்!"

மறுநாள் அக்கா கண்ணாடித் துண்டு ஒன்றைப் பெயர்த்து, "செத்ததுங்க மொகத்தையாவது பாத்துட்டு வரேன்" என்று யுனிவர்சிட்டிக்கு எடுத்துப் போனார். மத்தியானம் ஆன்ட்டிக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் ஒரே கூச்சல்.

"ஆன்ட்டி! மேல எல்லாம் செவப்பு! அடியில பச்சை!"

"கோபுரத்துக்கு பெயிண்ட் அடிக்கறியா? புரியற மாதிரி சொல்லும்மா!"

"சாயம் போட்டுப் பாத்தேன் ஆன்ட்டி. செத்தது செவப்பாத் தெரியும், உசுரோட கீறது பச்சையாத் தெரியும். பிளீச்சிங் கீழ எறங்கறதுக்குள்ள மேல இருக்கறதுங்ககிட்டயே தீந்துபூடுச்சி. அடியில ஊரே உசுரோட கீது!"

அப்பாடா! ஆன்ட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கும் போன மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது. ஒரு வழுக்கல் பிழைத்ததற்காக அன்று ஹாஸ்டலில் கேசரி கிளறினோம்.

ஆனால் கைடு, "ஒரு தடவை போதாது. அளந்து ஊத்தி, திரும்பத் திரும்பச் செய்" என்று சொல்லிவிட்டார். அக்கா மறுபடி பாட்டிலைத் திறந்தார், மூடினார். ஆன்ட்டி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"எவ்ளோன்னு மட்டும் சொல்லு, நான் ஊத்தறேன். நீ அப்பிடித் திரும்பிக்கோ."

அக்கா சுவரைப் பார்த்து நின்றார். "ஆச்சா ஆன்ட்டி?"

"ஊத்திக்கினுதான் கீறேன், சும்மா இரு."

தீசிஸ் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆன்ட்டியும் சொன்ன சொல் தவறாமல் அலிபிரியிலிருந்து படியேறினார். துணைக்கு நான். வழியில் ஒரு அம்மா, "பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டுதலா?" என்று கேட்டார். ஆன்ட்டி மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்லம்மா, பாத்ரூம்ல பாசி பொழச்சிது" என்றார். அந்த அம்மா அதற்கப்புறம் வேகமாக ஏறினார்.

அக்கா வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். குழாய் இன்னும் சொட்டுகிறது. நெயில் பாலிஷ் கோடும் பளிச்சென்று இருக்கிறது; அவ்வப்போது யாரோ புதுசாக இழுக்கிறார்கள். போன வாரம் கேட்டேவிட்டேன். "இப்பவாவது பிளம்பரைக் கூப்பிடலாமே ஆன்ட்டி?"

ஆன்ட்டி என்னை முறைத்தார். இடது கை விரல் முழுக்கச் சிவப்புச் சாயம்.

"சொட்டிக்கினு போவட்டும் வுடு. லீவுக்கு வந்தா அந்தப் பொண்ணு மொதல்ல எங்க போய்க் குந்தும்?"